செந்தமிழனுக்குக் கேரட் ஊட்டியவள்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம் போய் திரௌபதி வீடு எது என்று விசாரித்தால், "புள்ள பாக்குற திரௌபதி வூடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளையை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்திருக்க வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவளும் ஒரு காலத்தில் அப்படி வந்தவள்தான். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலையாக இருந்தது. தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்ததும், இனிமேல் அங்கே போகாதே என்று டாக்டர் சொன்னார், இனிமேல் இங்கே வராதே என்று கம்பெனிக்காரரும் சொன்னார். அவள் விஷயத்தில் பெரிய மனிதர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

புருஷன் பாவாடை பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டியவன். குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டு, மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் பூர்ணிமாவை ஸ்ரீமுஷ்ணம் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. மிஞ்சியது ஓட்டு வீடும், உத்திரத்தில் தொங்கும் மூன்று தூளிகளும்தான். தூளி ஆடுகிற வரைக்கும் தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவன் செந்தமிழன். பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம், ஆறு மாதக் குழந்தை. அப்பன் ராஜ்மோகன் மேடைப் பேச்சில் கிறுக்கு உள்ளவன், அதனால் வைத்த பெயர். அவன் லாரியில் ஊர் ஊராகச் சுற்றுகிறவன், பெயர் வைத்ததோடு அவன் பொறுப்பு முடிந்தது. தாய் ஜெயஸ்ரீ கம்பெனியில் கிளேஸ் போடுகிறவள். காய்ந்த சாமான்களை வெள்ளைக் கரைசலில் முக்கி எடுத்து அடுக்குவாள். சூளைக்குப் போய்த் திரும்பும்போது எல்லாம் பால் வெள்ளையாகப் பளபளக்கும். அவள் பிள்ளை மட்டும் அப்பனை உரித்துக்கொண்டு நல்ல கறுப்பாகப் பிறந்தான். பெயர் வைக்கும் அன்றைக்கே புருஷன் வீட்டுச் சனம், "அடுப்புக்கரி மாதிரி இல்ல இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போயிற்று. அந்தச் சிரிப்பு ஜெயஸ்ரீயின் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

வேலைக்குத் திரும்பியதும் ஜெயஸ்ரீக்குப் பால் குறைந்தது. தடுப்பூசி போட வரும் நர்ஸ் பிரபா, ஆறு மாதம் ஆனதால் இணை உணவு ஆரம்பிக்கலாம், ஒவ்வொன்றாக மசித்துக் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். சொல்வது சுலபம். செந்தமிழன் வாயைத் திறந்தால் அல்லவா? கஞ்சியைத் துப்பினான். கேழ்வரகுக் கூழைத் திரௌபதியின் முகத்திலேயே ஊதினான். வாழைப்பழம் மோவாயில் வழிந்தது. உருளைக்கிழங்கை நாக்கால் தள்ளித் தள்ளி வெளியேற்றினான். சர்க்கரைவள்ளிக்கிழங்கை நாரெடுத்து மசித்துக் கொடுத்ததற்கு ஊரைக் கூட்டி அழுதான். தூக்கம் இல்லாமல், பசி அடங்காமல், சாயங்காலம் தாய் வருவதற்குள் பிள்ளை துவண்டுபோய்விடும். அதைப் பார்த்துப் பார்த்துத் திரௌபதிக்குத் தன் சோறே இறங்காது.

ஒரு நாள் சாம்பாருக்கு வாங்கிய கேரட் ஒன்று மிஞ்சியிருந்தது. இட்லிச் சட்டியில் வைத்து வேகவிட்டு, டீ வடிகட்டியில் போட்டு விரலால் தேய்த்து இறக்கி, நுனி விரலில் எடுத்து நாக்கில் தடவினாள். பையன் முகத்தைச் சுளித்தான். உடம்பை ஒரு தடவை சிலிர்த்தான். பிறகு யோசனை செய்வதுபோல் அப்படியே இருந்தான். பிறகு வாயைத் திறந்தான். திரௌபதி அவசரமாக இன்னொரு விரல் எடுத்தாள். அதற்கும் திறந்தான். கிண்ணம் காலியானதும் அவள் கையைப் பிடித்து இழுத்து விரலையே சப்பினான். அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், சொந்த மகள் பிறந்தபோதுகூட அவள் அவ்வளவு சிரித்திருக்க மாட்டாள்.

சாயங்காலம் செய்தி கேட்ட ஜெயஸ்ரீக்கு அதைவிடச் சந்தோஷம். ஆனால் அவள் சந்தோஷம் வேறு வழியில் போயிற்று.

"யக்கா, கேரட்டு தின்னா கலர் வரும்னு சொல்றாங்க. தெனமும் குடுங்க. ரெண்டு வேளையும் குடுங்க" என்றாள்.

"வயிறு ரொம்பினா போதும்டி. கலர வச்சு என்ன பண்ணப் போற?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா, நான் பட்ட பேச்சு."

மறுநாளே ஒரு பை நிறையக் கேரட் வந்து இறங்கியது. திரௌபதியும் மறுக்கவில்லை. வேறு எதையும் தொடாத பிள்ளை இதையாவது சாப்பிடுகிறானே என்பது அவள் கணக்கு. காலையில் கேரட், மத்தியானம் கேரட். சாயங்காலம் வீட்டில் ஜெயஸ்ரீ கையால் மறுபடியும் கேரட். பையன் கன்னம் வைத்துப் புஷ்டியானான். திரௌபதி கிண்ணத்தை எடுக்கும் சத்தம் கேட்டாலே குருவிக்குஞ்சு மாதிரி வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பான்.

கொஞ்ச நாளில் அவன் நிறம் மாறத்தான் செய்தது. முதலில் மூக்கு நுனி, அப்புறம் உள்ளங்கை, உள்ளங்கால். கறுப்பு கொஞ்சம் தெளிந்து மஞ்சள் பூசினாற்போல் ஒரு மினுமினுப்பு. ஜெயஸ்ரீ குதித்தாள். தெருவில் இருக்கிறவர்களிடம் எல்லாம் பிள்ளையின் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "திரௌபதிக்கா கை ராசி" என்றாள். அந்த வார்த்தையைத் திரௌபதி வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். அது எவ்வளவு நாள் தாங்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஜெயஸ்ரீ பிள்ளையை வாங்க வந்திருந்த நேரத்தில், அடுத்த வீட்டு ஆராயி சுவரோரமாக வந்து நின்றாள். தெருவில் எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் உருண்டாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பிள்ளையின் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள்.

"ஏண்டி ஜெயஸ்ரீ, இது கலரா? இது காமாலைடி. பாவாடைக்கு வந்துச்சே, அதே மஞ்சளு. அந்த வூட்டுக் காமாலைதான் புள்ளைக்கு ஒட்டியிருக்குது."

பாவாடை செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவன் படுத்த பாய்கூட அந்த வீட்டில் இல்லை. ஆனால் ஆராயி சொன்னது தெரு முழுக்க ஓடுவதற்கு அடுப்பில் பால் பொங்கும் நேரம்கூட ஆகவில்லை. அவன் செத்தபோது, "ஐயோ, காமாலை கொண்டுபோயிடுச்சே" என்று இதே தெரு வந்து கட்டிப்பிடித்து அழுதது. இப்போது அதே காமாலையைத் திரௌபதி டப்பாவில் போட்டு வைத்திருந்து பிள்ளைக்கு ஊட்டியதுபோல் பேசியது.

திரௌபதி சும்மா இருக்கவில்லை. "கண்ணப் பாரு ஜெயா. காமாலைன்னா மொதல்ல கண்ணுதான் மஞ்சளாவும். எம்புருஷன் கண்ணு மஞ்சக்கெழங்காட்டம் இருந்துச்சு. இவன் கண்ணு வெள்ளையா இல்ல இருக்குது? நல்லா தின்றான், வெளையாடுறான். பெரியாஸ்பத்திரிக்கு வேணா தூக்கிட்டுப் போவலாம் வா" என்றாள்.

"காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கெடையாது" என்றாள் ஆராயி. தெருவும் ஆமாம் போட்டது.

ஜெயஸ்ரீ பிள்ளையைத் திரௌபதியின் இடுப்பிலிருந்து வாங்கினாள். வாங்கினாள் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் பிடுங்கினாள். பையன் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடிக்கும் தைரியம் திரௌபதிக்கு இல்லை.

அந்த ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர் பக்கம் பச்சிலை கொடுக்கிற ஒருவரிடம் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். பால் குடிக்கிற பிள்ளை என்பதால் தாய் மருந்து குடிக்க வேண்டும் என்றார். ஜெயஸ்ரீ வெறும் வயிற்றில் இலைச் சாற்றைக் குடித்தாள், உப்பில்லாமல் சாப்பிட்டாள். பிள்ளைக்குத் தாய்ப்பாலும் அரிசிக் கஞ்சியும் தவிர வேறு எதுவும் கூடாது என்று கட்டளை. கேரட்டும் நின்றுபோயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடத் திரௌபதி தாங்கியிருப்பாள். ராஜ்மோகன் லாரியை விட்டு இறங்கி வந்தவன், நேராகப் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தான். அந்தப் பக்கத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தால் ஆள் வைத்துப் பேசலாம், கோர்ட்டுக்குப் போனால் வாய்தா வாங்கலாம். கொளஞ்சியப்பரிடம் இன்னார் எனக்கு இந்தக் கெடுதல் செய்தார் என்று எழுதிக் கட்டிவிட்டால், விசாரணையும் தீர்ப்பும் அவர் பாடு. கட்டியவர்களே மனசு வந்து போய் ராஜினாமா செய்து பிராதைத் திரும்பப் பெற்றால்தான் உண்டு. பிராதில் யார் பேர் இருக்கிறது என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மறுநாள் மற்ற இரண்டு தூளிகளும் காலியாயின. ஒருத்தி மாமியார் வந்திருக்கிறார் என்றாள். இன்னொருத்தி காரணம்கூடச் சொல்லவில்லை, பிள்ளையின் பால் புட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். மகள் பூர்ணிமா போனில், "உன்ன யாரும்மா ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் தூக்கச் சொன்னது? பேசாம கெளம்பி இங்க வந்துடு" என்றாள். சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்தால் பிராது உண்மை என்று ஆகிவிடும். திரௌபதி போகவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள், மறுபடியும் எடுத்துக் கழுவினாள். உத்திரத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் நடக்கப் பழகினாள்.

அடுத்த தடுப்பூசி நாளில் அங்கன்வாடிக்கு நர்ஸ் பிரபா வந்தார். கையில் பிள்ளை இல்லாமல் அங்கே போய் நிற்கத் திரௌபதிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கூட்டம் கலைகிற வரை வேப்பமரத்தடியில் காத்திருந்துவிட்டு, மெதுவாகப் போய்க் கேட்டாள்.

"நர்சம்மா, கண்ணு வெள்ளையா இருந்து, கையும் காலும் மட்டும் மஞ்சளானா அது காமாலைங்களா?"

"யாருக்கு? செந்தமிழனுக்கா? என்ன குடுத்துக்கிட்டு இருந்தீங்க?"

"கேரட்டுங்க."

"தெனமுமா?"

"தெனமும்தாங்க. மூணு வேளையும்."

நர்ஸ் சிரித்துவிட்டார். "அது கேரட்டுக் கலருங்க. அளவுக்கு மேல உள்ள போனா தோல்ல தெரியும். காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நிறுத்திட்டா தானா போயிடும். வாரத்துல ரெண்டு நாள் குடுங்க, மத்த நாள்ல வேற காய் குடுங்க. இதுக்கா இப்படி மொகம் வாடிப்போயிருக்கீங்க?"

அந்தச் சிரிப்பில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் தன் உயிரைக் குடித்த விஷயம் இன்னொருவருக்குச் சிரிப்பாக இருக்கிறதே என்றுதான் திரௌபதிக்குத் தோன்றியது. எதிர் வெயிலில் வேகமாக நடந்து ஜெயஸ்ரீ வீட்டு வாசலில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது, இருமல் வேறு. செந்தமிழன் பாயில் குப்புறக் கிடந்தான். கையில் மஞ்சள் அநேகமாக வடிந்துவிட்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னாள். ஜெயஸ்ரீ கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது.

"கேரட்டால கலர் வரும்னுதான் ஊரே சொல்லுது. மஞ்சளாவும்னு யாரும் சொல்லலியே. அப்படின்னா நான்தான் எம்புள்ளைக்குக் கெடுதல் பண்ணேன்னு சொல்ல வர்றீங்களா?"

"அப்படிச் சொல்லல ஜெயா. யாருமே கெடுதல் பண்ணல. அத நிறுத்தினதாலதான் எறங்கிச்சு."

"பிராது கட்டினோம், எறங்கிச்சு. அத எங்கண்ணால பாத்தேன்."

திரௌபதியிடமிருந்து பிள்ளையைப் பிரித்தார்கள், மஞ்சள் போயிற்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கேரட் அவள் பக்கம் சாட்சி சொல்ல வருமா? அவள் நிரபராதி என்பதற்கு எது காரணமோ, அதுவே அவள் குற்றவாளி என்பதற்கும் காரணமாகிவிட்டது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லலாம் என்றால் இருக்கிறது ஒரு கோயில், அங்கே அவளுக்கு முன்னாலேயே அவர்கள் போய்விட்டார்கள்.

காமாலை என்று ஜெயஸ்ரீ கம்பெனியில் போட்டிருந்த லீவு முடிந்தது. பிள்ளையை ஆராயியிடம் விட்டுப் பார்த்தாள். பேசுகிற வாய்க்கு இருந்த தெம்பு ஆராயியின் முழங்காலுக்கு இல்லை. பிள்ளை பகலெல்லாம் அழுதான். சுவருக்கு இந்தப் பக்கம் திரௌபதி அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அது பசி அழுகையா, தூக்க அழுகையா, ஈர அழுகையா என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பண்ண? காதைப் பொத்திக்கொண்டாலும் அது உள்ளே வந்தது.

வாரக் கடைசியில் ஜெயஸ்ரீயே வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, அவரு ராஜினாமா பண்ணிடலாம்னு சொல்லிட்டாரு. நீங்களும் கூட வந்து, தப்பு நடந்துபோச்சுன்னு சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. அப்புறம் புள்ளைய எப்பவும்போல விடுறேன். மத்தவங்களும் விடுவாங்க."

"நான் என்னா தப்பு பண்ணேன்?"

"அத எங்கிட்ட கேட்டா எப்படிக்கா? ஒரு வார்த்ததான."

ஒரு வார்த்தைதான். போடி வெளியே என்று சொல்லத் திரௌபதிக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டில் பையன் அழுதான். பசி அழுகை.

"எப்ப போவணும்?" என்று கேட்டாள்.

கொளஞ்சியப்பர் சன்னிதியில் ராஜ்மோகன் ஒரு பக்கம், ஜெயஸ்ரீ ஒரு பக்கம், நடுவில் அவள் நின்றாள். அவர்கள் காதில் விழும்படி, "தெரியாம நடந்துபோச்சு சாமி, மன்னிச்சுக்கோ" என்றாள். அவர்கள் காதில் விழாமல் வேறு ஒன்றும் சொன்னாள். நான் பண்ணலேன்னு உனக்குத் தெரியும், நீ சும்மா இருக்கேன்னு எனக்குத் தெரியும், அது நமக்குள்ள இருக்கட்டும் என்றாள். விபூதி வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டாள். திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் ஜெயஸ்ரீ பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, விரலைப் பிடித்து வாய்க்குள் விட்டுக்கொண்டான். திரௌபதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நன்றாக மனசு திருந்திவிட்டாள் என்று ராஜ்மோகன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் ஜெயஸ்ரீ வந்தாள். பிள்ளையைக் கொடுத்தாள். பால் புட்டி, மாற்றுத் துணி, அதோடு ஒரு கனமான பை. திரௌபதி பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே புதுக் கேரட், கழுவியே வைத்திருந்தது.

"என்னாடி இது?"

"மறுபடியும் ஆரம்பிச்சுடுங்கக்கா. காமாலையில புள்ள கறுத்தே போயிட்டான் பாருங்க. மொதல்ல எவ்வளவு நல்லா கலர் வந்துச்சு."

திரௌபதி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிண்டல் பண்ணுகிறாளோ என்று தேடினாள். அப்படி எதுவும் அந்த முகத்தில் இல்லை, ஆசை மட்டும்தான் இருந்தது. பையை அவள் கையிலேயே திருப்பித் திணித்தாள்.

"இத நீயே எடுத்துட்டுப் போ. திரும்ப மஞ்சளானா இந்தத் தடவ யார் பேர எழுதிக் கட்டுவ?"

ஜெயஸ்ரீக்கு அது புரிந்ததா, புரியாததுபோல் இருந்தாளா தெரியாது. கம்பெனியில் சங்கு ஊதிவிட்டது. "காலையிலயே ஏங்க்கா இப்படிப் பேசுறீங்க" என்று முணுமுணுத்தபடி பையோடு போய்விட்டாள்.

வாரத்தில் இரண்டு நாள் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னது திரௌபதிக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் இனிமேல் அந்தக் காயைத் தொட அவள் கை போகாது. சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து, நாரெடுத்து, வடிகட்டியில் தேய்த்துக் கிண்ணத்தில் எடுத்தாள். சத்தம் கேட்டதும் செந்தமிழன் பழையபடி வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தான். நாக்கில் வைத்தாள். அவன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். துப்பினான். மறுபடியும் வைத்தாள். கிண்ணத்தைத் தட்டிவிட்டு, தனக்கு வேண்டியது எங்கே என்று கேட்பதுபோல் வீறிட்டு அழ ஆரம்பித்தான். தோளில் போட்டுத் தட்டினாள், தூளியில் போட்டு ஆட்டினாள். அழுகை நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆராயியின் குரல் கேட்டது.

"திரௌபதி, புள்ளைய என்னாடி பண்ற?"